‘அடியோடு போயிடும்’ என்று இனி சொல்ல மாட்டேன்!

போன கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் என் சின்ன கிளினிக்குக்கு ஒரு மாமி தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. அடையாறில் ஒரு கம்பெனியில் வேலை. மழை விட்ட புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“காட்டுடீ டாக்டர்கிட்டே” என்று மாமி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கையை மடித்துக் காட்டினாள். இரண்டு முழங்கையிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த திட்டு. அதன்மேல் வெள்ளி ஜரிகையைப் பொடித்துத் தூவின மாதிரி செதில். காதுக்குப் பின்னாலும் கொஞ்சம். வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்போம். இங்கிலீஷில் சோரியாசிஸ்.

“டாக்டர், தையில் முகூர்த்தம் வெச்சிருக்கோம். தி.நகர் போய் கூறைப்புடவைகூட எடுத்தாச்சு. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ... இது அடியோடு போயிடுமோன்னோ?”

முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் யோசித்திருக்கவே மாட்டேன். “கவலைப்படாதீங்க மாமி, ஒரு மண்டலம் மருந்து, கூடவே பத்தியம். வேரோடு அறுத்துடலாம்” என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூக்காரர் செய்த சத்தியம்

1997-ம் வருஷம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, மயிலாப்பூரில் போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாட வீதியில் பூ கட்டி விற்கும் ஒருவர் வந்தார். இரண்டு முழங்காலிலும் உள்ளங்கை அகலத்துக்குப் படை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூ கட்டுகிறவருக்கு முழங்காலில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியே பூச வெட்பாலை எண்ணெய் கொடுத்தேன். உள்ளுக்குப் பரங்கிப்பட்டைச் சூரணம். கத்தரிக்காய், கருவாடு என்று கரப்பான் பண்டம் எதையும் தொடக்கூடாது என்று பத்தியம் போட்டேன். மூன்று மாதத்தில் முழங்கால் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த மனுஷர் சந்தோஷம் தாங்காமல், என் அறையில் மாட்டியிருந்த அகத்தியர் படத்துக்கு ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்து சாத்தினார். நானும் பெருமையாக, “அடியோடு போச்சு. இனி வராது” என்றேன்.

பத்து மாதம் கழித்துத் திரும்ப வந்தார். அதே முழங்கால். அதே இடம். பென்சிலால் வரைந்து வைத்த மாதிரி அதே எல்லை!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பத்தியத்தை விட்டிருப்பீங்க. கருவாடு சாப்பிட்டீங்களா?” என்றேன்.

“கபாலி மேல சத்தியமா தொடலை சார்” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை முகத்தில் காட்டவும் செய்தேன். கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. தப்பு என் பேரில்தான். அது எனக்குப் புரிவதற்குப் பல வருஷம் பிடித்தது. புரியவைத்தது, இந்த நோயின் ஆரம்பத்தில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சங்கதிகள்.

28 நாள் வேலை, 4 நாளில்!

நம் தோலின் மேல்புறத்துச் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மெல்ல மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துபோகின்றன. இதற்குச் சுமார் 28 நாள் ஆகும். சோரியாசிஸ் வந்த இடத்தில் இந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. பக்குவப்படாத செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அதுதான் அந்த வெள்ளிச் செதில்.

இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, ஒரே சோப்பைப் போட்டாலும் ஒட்டாது. குஷ்டமும் அல்ல. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் ஹெப்ரா 1841-ல்தான் இது வேறு, அது வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார். நம் ஊரில் சில வீடுகளில் அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை என்பதுதான் வேதனை.

இந்தியாவில் நடந்த பல கணக்கெடுப்புகளில், நூற்றுக்கு 0.44 முதல் 2.8 பேர் வரை இந்த நோய் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது பாண்டி பஜார் நடைபாதையில் நாம் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள், இந்த நோய் உள்ள ஒருவரையாவது கடந்து போயிருப்போம். அவர் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். நமக்குத் தெரியாது.

தோலின் கோளாறா, ரத்தத்தின் கோளாறா?

ரொம்ப காலம் இதைத் தோல் செல்லின் கோளாறு என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். 1979-ல் ஒரு தற்செயல் நடந்தது. உறுப்பு மாற்று சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சோரியாசிஸ் இருந்தவர்களுக்குத் தோலும் தெளிந்தது! தோலுக்கு மருந்தே பூசவில்லை. எதிர்ப்பு சக்தியைத்தான் அடக்கினார்கள். அப்படியானால் தூண்டிவிடுகிற கை எதிர்ப்பு சக்தி செல்களுடையது என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் மரபணு என்ற வார்த்தை வருகிறது. பயப்படாதீர்கள், ஒரு சமையல் உதாரணம் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் பல வீடுகளில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ புத்தகம் இருக்கும். 1951-ல் வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சீராகக் கொடுத்தனுப்புவார்கள். அதில் ரசமும் இருக்கிறது, கல்யாண பட்சணமும் இருக்கிறது. புத்தகம் கையில் இருக்கிறது என்பதற்காகத் தினமும் எல்லாவற்றையுமா சமைக்கிறோம்? இன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறக்கிறோமோ, அதுதான் இலையில் விழும்.

நம் உடம்பிலும் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே மரபணுப் புத்தகம்தான். கண்ணில் உள்ள செல் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது, தோலில் உள்ள செல் இன்னொரு பக்கத்தை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைத்தான் மரபணுவின் செயல்பாடு என்கிறார்கள். கடுகளவு தோலை எடுத்து, அதில் எந்தெந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று படித்துவிடும் கருவிகள் இப்போது வந்துவிட்டன.

அப்படிப் படித்துப் பார்த்ததில் கிடைத்த முதல் ஆச்சரியம், நோயாளியின் நல்ல தோலிலேயே இருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் செய்த ஆராய்ச்சியில், படை வராத, பார்வைக்கு ஆரோக்கியமான தோலிலும் கொழுப்புச் சத்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் சுணங்கிக் கிடந்தன. எதிர்ப்பு சக்திக்கான சில மரபணுக்களோ முன்கூட்டியே விழித்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் முன்பே அடுப்பு பற்ற வைத்தாகிவிட்டது!

முதல் பொறி எங்கே?

சரி, அந்தப் பொறியை யார் போடுகிறார்கள்?

தோலில் ஒரு சிராய்ப்பு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட செல்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. வெளியே சிந்துகிறது. சாதாரணமாக அது குப்பை, உடம்பு கூட்டித் தள்ளிவிடும். ஆனால் காயம்பட்ட தோல் எல்.எல்.-37 என்ற ஒரு புரதத்தையும் சுரக்கிறது. அந்தப் புரதம் சிந்திய டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டால், காவலுக்கு நிற்கும் ஒருவகைச் செல் அதைக் கிருமி என்று நினைத்துக் கூச்சல் போடுகிறது. அந்தக் கூச்சலுக்குப் பெயர் இன்டர்ஃபெரான். புதிதாகக் கிளம்பும் படையில் இந்தக் காவல் செல்கள் வந்து குவிந்திருப்பதை 2005-லும், எல்.எல்.-37 செய்யும் கோளாறை 2007-லும் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

கூச்சல் கேட்டதும் அடுத்த கட்டம். சில செல்கள் இன்டர்லூகின்-23 என்ற சமிக்ஞையை அனுப்பும். அதைக் கேட்டு டி செல் எனப்படும் வெள்ளையணுக்கள் கிளர்ந்தெழும். அவை இன்டர்லூகின்-17 என்ற இன்னொரு சமிக்ஞையைச் சுரக்கும். அது தோல் செல்லைப் பார்த்து “பெருகு, பெருகு” என்று விரட்டும். விரட்டப்பட்ட தோல் செல் இன்னும் பல வெள்ளையணுக்களைக் கூப்பிடும். இப்படி ஒன்றை ஒன்று உசுப்பிவிட்டு, நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்கின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். ‘அழல்’ என்றால் தீ. பித்தத்துக்கும் நம் சித்தர்கள் வைத்த பெயர் அழல்தான்!

சொறிந்த இடத்திலும் கீறின இடத்திலும் புதிய படை கிளம்புவதை ஜெர்மானிய டாக்டர் கோப்னர் 1870-களிலேயே கவனித்திருக்கிறார். காரணம் தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

குடித்தனக்காரர் காலி பண்ணவில்லை!

இப்போது பூக்காரரின் முழங்காலுக்கு வருவோம். தெளிந்த இடத்திலேயே ஏன் திரும்ப வந்தது?

2004-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். சோரியாசிஸ் நோயாளியின் உடம்பில் படை இல்லாத நல்ல தோலை எடுத்து, எதிர்ப்பு சக்தி இல்லாத எலியின்மேல் வைத்து ஒட்டினார்கள். மனித ரத்தம் அந்த எலிக்குள் போகவில்லை. இருந்தும் ஒட்டின தோலில் படை தானாகக் கிளம்பியது! அப்படியென்றால் நோயைக் கிளப்பும் டி செல்கள் ரத்தத்தோடு வந்து போகிறவை மட்டுமல்ல. தோலுக்குள்ளேயே குடியிருந்திருக்கின்றன.

எத்தனை செல்கள் தெரியுமா? ஒரு மனிதனின் தோலில் சுமார் 2000 கோடி டி செல்கள் இருப்பதாக 2006-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ரத்தத்தில் ஓடுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய கிருமி திரும்ப வந்தால் உடனே அடிப்பதற்காக ஞாபகத்தோடு காத்திருக்கும் நல்ல காவலர்கள்தான் இவர்கள். சோரியாசிஸில் இந்தக் காவலர்கள் தப்பான ஞாபகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2011-ல் நியூயார்க்கில் இன்னொன்று பார்த்தார்கள். சிகிச்சையில் முழுக்கத் தெளிந்த தோலை எடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். பெரும்பாலான பக்கங்கள் மூடிவிட்டன. ஆனால் சில பக்கங்கள் மூடாமலே இருந்தன! பார்வைக்குத் தழும்புகூட இல்லாத இடத்தில், உள்ளே ஒரு தழும்பு.

மயிலாப்பூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாம் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டோம். சுவர் பளபளவென்று இருக்கிறது. ஆனால் உள்ளே பழைய குடித்தனக்காரர் காலி பண்ணவில்லை! வெள்ளையடித்தால் குடித்தனக்காரர் போய்விடுவாரா? ஒரு தொண்டை வலி வந்தால், மனசு நொந்தால், ஒரு கீறல் விழுந்தால், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்கிறார். அதே வாசல், அதே திண்ணை.

பூக்காரருக்கு நான் செய்தது வெள்ளையடிப்பு. அது கெட்ட வேலை இல்லை, நல்ல வேலைதான். ஆனால் குடித்தனக்காரரைக் காலி பண்ணிவிட்டேன் என்று நான் சொன்னது தப்பு. திரும்ப வந்தபோது, “நீதான் கதவைத் திறந்துவிட்டாய்” என்று வீட்டுக்காரரையே குற்றம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

தமிழர் உடம்பிலும் தேடியிருக்கிறார்கள்

“இதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பில் பார்த்தது. நமக்கு ஒத்துவருமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மண்ணிலும் பார்த்திருக்கிறார்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், தென்னிந்திய சோரியாசிஸ் நோயாளிகளிடம் எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட இரண்டு மரபு அடையாளங்கள் அதிகம் காணப்படுவதை 1989-லேயே எழுதினார்கள். அப்புறம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், தமிழ் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு குழு தொடர்ந்து ஆராய்ந்தது. 2015-ல் வந்த அவர்களுடைய ஆய்வு, இரண்டு மரபணுக்களில் உள்ள சில மாறுபாடுகள் தமிழரிடம் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாகச் சொல்கிறது. அந்த இரண்டு மரபணுக்களின் சாதாரண வேலை என்ன தெரியுமா? அழற்சிக்கு பிரேக் போடுவது!

ஆட்டோவுக்கு பிரேக் தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? சமதரையில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. பாலத்து இறக்கத்தில்தான் தெரியும். பரம்பரை என்பது இவ்வளவுதான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு. ஆகவே “உங்க குடும்பத்தில் இருக்கு, உங்களுக்கும் வந்தே தீரும்” என்று சொல்வதும் தப்பு. “பெண் வீட்டில் இருக்கு, வேண்டாம்” என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது அதைவிடத் தப்பு.

நம் வைத்தியம் என்ன செய்ய வேண்டும்?

இதைப் பேசும்போது என் சித்த மருத்துவ நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். “நம்ம வைத்தியத்தை நீங்களே குறைச்சுப் பேசலாமா சார்?” என்கிறார்கள்.

நான் குறைத்துப் பேசவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். அந்த எண்ணெயை ‘777’ என்ற குறியீட்டில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பு சோரியாசிஸுக்குச் சோதித்துப் பார்த்திருக்கிறது. என் நோயாளிகளில் பலருக்கு அரிப்பும் செதிலும் குறைவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் என் கண் பார்ப்பது சுவரை. குடித்தனக்காரர் என்ன ஆனார் என்பதை என் கண் சொல்லாது, நாடியும் சொல்லாது.

அரும்பாக்கத்தில் சித்த மருத்துவத்துக்கென்றே ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அடையாறிலே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அது ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் என்பது வேறு விஷயம்! இவ்வளவு வசதி உள்ள ஊரில் நாம் கேட்கவேண்டிய கேள்வி, “செதில் எத்தனை சதவீதம் குறைந்தது?” என்பதோடு நிற்கக்கூடாது. மருந்து கொடுக்கும் முன்பும், தோல் தெளிந்த பின்பும், அதற்கு ஒரு வருஷம் கழித்தும் கடுகளவு தோலை எடுத்து, எந்தப் பக்கம் மூடியது, எது மூடவில்லை, குடியிருந்த செல்கள் குறைந்தனவா என்று பார்க்கவேண்டும். நோய் வந்து சில மாதமே ஆனவர்களிடம் இதைப் பார்ப்பது இன்னும் முக்கியம். நம் மருந்து அந்தப் பரீட்சையில் தேறினால் உலகமே கேட்கும். தேறாவிட்டால் நாம் தெரிந்துகொள்வோம். இரண்டுமே லாபம்தான்.

அதுவரைக்கும் ‘வேரோடு ஒழிப்போம், நூறு சதவீதம் உத்தரவாதம்’ என்று போஸ்டர் ஒட்டுவதை நாம் நிறுத்தவேண்டும். இதற்கு நிரந்தரத் தீர்வு இல்லை என்று 2014-ல் உலக சுகாதார சபையின் தீர்மானமே சொல்லியிருக்கிறது. அதே சமயம், நல்லபடியாகக் கட்டுப்படுத்தி வைக்க முடியும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்தான் வைத்தியர்.

இங்கிலீஷ் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. “இது லைஃப் லாங் இருக்கும்” என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லி, களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினால், நொந்துபோன நோயாளி உத்தரவாத போஸ்டரைத்தான் தேடிப் போவார். குடித்தனக்காரர் கதையைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அவர் புரிந்துகொள்வார்.

நாள் கடத்தாதீர்கள்!

நோய் வந்த புதிதில் சிகிச்சை தொடங்கினால் பலன் கூடுதலா? இன்டர்லூகின்-23 சமிக்ஞையைத் தடுக்கும் ஓர் ஊசி மருந்தை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், நோய் வந்து இரண்டு வருஷம் தாண்டாதவர்களில் முழுக்கத் தெளிந்தவர்களின் பங்கு அதிகமாக இருந்தது. குடித்தனக்காரர்கள் நிலையாக வேர்விடும் முன்பே அமர்த்திவிடலாமோ என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள். இந்தியாவிலும் 2013-ல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் டி செல்லைக் குறிவைக்கும் இடோலிசுமாப் என்ற ஊசியைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஊசிகள் எல்லோருக்கும் தேவைப்படாது. விலையும் அதிகம். போடும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். அதையெல்லாம் தோல் மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நீங்கள் செய்யவேண்டியவை இவை:

முழங்கை, முழங்கால், தலை ஓரத்தில் செதிலோடு திட்டு வந்து மூன்று, நான்கு வாரம் ஆகியும் போகவில்லையா? முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி இன்ன நோய் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களையும் நான் இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன்.

படர்தாமரை என்று நீங்களே முடிவு கட்டி, மருந்துக் கடையில் டியூப் வாங்கிப் பூசாதீர்கள். பல டியூப்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-ல் அரசாங்கம் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் கிளம்பி ஆபத்தாகலாம்.

நாட்டு மருந்து என்றாலும் லைசென்ஸ் எண் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். பாதரசம் சேர்ந்த மருந்துகள் எங்களிடம் உண்டு. பக்குவம் தப்பினால் சிறுநீரகத்துக்குக் கேடு. என்ன மருந்து, என்ன சரக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சொறியாதீர்கள், செதிலைப் பிய்க்காதீர்கள். குளித்த ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ, டாக்டர் சொன்ன களிம்போ தடவுங்கள். மார்கழிக் குளிரில் இது ரொம்ப முக்கியம்.

குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு, மூன்று வாரத்தில் உடம்பெங்கும் மழைத்துளி மாதிரி சின்னச் சின்னத் திட்டுகள் வந்தால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள் படையைக் கிளப்பலாம். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைப்பு, குதிகால் வலி, நகத்தில் குழி குழியாகப் பள்ளம் இருக்கிறதா? சோரியாசிஸ்காரர்களில் பத்தில் மூன்று பேர் வரை மூட்டுக்கும் பரவலாம். தாமதித்தால் மூட்டு கோணிக்கொள்ளும். புகை, குடி, தொப்பை மூன்றும் இந்த நெருப்புக்கு எண்ணெய்.

மாமிக்கு நான் சொன்ன பதில்

“மாமி, தைக்குள்ளே தோல் நன்னா தெளியறதுக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா அடியோடு போயிடும்னு நான் சொல்லமாட்டேன். திரும்ப வரலாம். வந்தா அது உங்க பொண்ணோட தப்பு இல்லே. சாப்பாட்டுத் தப்பும் இல்லே. வந்தப்போ திரும்பவும் அடக்கிக்கலாம். மொதல்ல தோல் டாக்டர்கிட்டே காட்டிட்டு வாங்கோ. அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து பார்த்துக்கறோம்” என்றேன். கூடவே, “மாப்பிள்ளை ஆத்துலே இப்பவே சொல்லிடுங்கோ” என்றும் சொன்னேன்.

மாமியின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நான் எதையோ தப்பாத் தின்னுதான் வந்ததுன்னு நாலு மாசமா ஆத்துலே திட்டிண்டே இருக்கா டாக்டர்” என்றாள். சட்டைக் கையை அப்புறம் அவள் இறக்கிவிடவில்லை.

1997-ல் ஒரு மனுஷர் கபாலி மேல் சத்தியம் செய்தார். அவருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தையும் இதுதான். மாட வீதியில் நடக்கும்போதெல்லாம் பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டே போகிறேன். அவரைக் காணோம். அவர் கையிலோ, அவர் பிள்ளைகள் கையிலோ இந்தப் பத்திரிகை கிடைத்தால்... நீங்கள் பத்தியம் தப்பவில்லை ஐயா. நான்தான் வார்த்தை தப்பிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.